‘வீட்டுக்காரர் வந்து கையெழுத்து போடட்டும்’: கர்ப்பிணிக்கு எமர்ஜென்சி என்றால் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

கருக்கலைப்புச் சட்டம் என்றாலே அமெரிக்கா ஞாபகம் வருகிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு கோவையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தால், டாக்டர் யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்? மத்திய அரசின் சட்டமா, மாநில அரசின் சட்டமா, போலீஸா, கணவரா? முழு விளக்கம் இங்கே.

சரவணம்பட்டியில் நான் குடியிருந்த அபார்ட்மென்டில், பக்கத்து ஃப்ளாட் அக்காவுக்கு அப்போது பதினைந்து வாரம். கணவர் பெங்களூருவில் வேலை. ஒரு சனிக்கிழமை ராத்திரி கதவைத் தட்டி, “கண்ணு, கொஞ்சம் வர்றியா, ஒரு மாதிரி இருக்குது” என்றார். நைட்டி முழுக்க ரத்தம்.

கேப் பிடித்து, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். கரு தங்காது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் கருவின் இதயத்துடிப்பு இன்னும் இருந்தது. டியூட்டி டாக்டர் சொன்னது இதுதான்: “ஹார்ட் பீட் இருக்குதுங்க. இப்ப நாங்க கை வெச்சா நாளைக்குப் பிரச்சினை ஆகும். வீட்டுக்காரர் வந்து கையெழுத்து போடட்டும்.”

வீட்டுக்காரர் அப்போது ஓசூர் தாண்டிக்கூட வந்திருக்கவில்லை.

நாற்பது நிமிடம் வாக்குவாதம் செய்துவிட்டு, திருச்சி ரோடு ஜி.ஹெச்.சுக்கு, அதாவது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அக்காவிடம் மட்டும் பேசினார். அக்காவே கையெழுத்து போட்டார். அரை மணி நேரத்தில் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அவர் நன்றாக இருக்கிறார்.

அந்த நாற்பது நிமிடம் எதனால் போனது? சட்டத்தாலா, சட்டத்தைப் பற்றிய பயத்தாலா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

கருக்கலைப்பு இந்தியாவில் குற்றமா, உரிமையா?

கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்: அடிப்படையில் இன்னமும் குற்றம்தான்.

பிரிட்டிஷ் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 312, கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண் 88 ஆனது, விஷயம் மாறவில்லை. மூன்று ஆண்டுவரை சிறை, கரு அசைவு தெரியும் நிலை என்றால் ஏழு ஆண்டுவரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் செய்ததற்கு மட்டும் அந்தப் பிரிவிலேயே விலக்கு உண்டு.

இந்தக் குற்றச் சட்டத்துக்கு மேல் போட்ட குடைதான் 1971-ம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். மருத்துவமனைகளில் சுருக்கமாக ‘எம்.டி.பி. சட்டம்’ என்பார்கள். சாந்திலால் ஷா கமிட்டி 1966-ல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இந்தக் குடைக்குள் நின்று செய்தால் டாக்டருக்குத் தண்டனை இல்லை. வெளியே நின்றால் உண்டு.

2021 திருத்தத்துக்குப் பிறகு குடையின் அளவு இதுதான்:

• 20 வாரம் வரை: பதிவு பெற்ற, தகுதியான ஒரு டாக்டரின் கருத்து போதும். கருத்தடை முறை தோற்றுப்போனதும் ஒரு காரணம். முன்பு ‘கணவர்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘துணைவர்’ என்று இருக்கிறது.

• 20 முதல் 24 வாரம் வரை: இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கு.

• 24 வாரத்துக்கு மேல்: கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டும், மாநில அரசு அமைத்த மருத்துவக் குழுவின் முடிவுப்படி. குழு மூன்று நாளுக்குள் கருத்து சொல்ல வேண்டும். கேட்ட ஐந்து நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும்.

2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, 24 வாரம் வரையிலான வாய்ப்பில் திருமணமான பெண், திருமணமாகாத பெண் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் சாதாரண நேரத்துக்கான விதிகள். எமர்ஜென்சிக்கு வேறு கதவு இருக்கிறது.

பிரிவு 5: பலருக்குத் தெரியாத அவசரக் கதவு

ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். வால்பாறையில் ஒரு எஸ்டேட் லயம். பத்தொன்பது வாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. காய்ச்சல் ஏறுகிறது, நடுக்கம், நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது. கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது. பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டும் என்றால் ஆழியாறுவரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி, பனி, யானை நடமாட்டம். கையில் இருப்பது ஒரு சின்ன மருத்துவமனை, மகப்பேறு நிபுணர் இல்லாத ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர்.

இந்த டாக்டர் என்ன செய்யலாம்? எம்.டி.பி. சட்டத்தின் பிரிவு 5 இதற்காகவே எழுதப்பட்டது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகக் கருவை அகற்றியே ஆக வேண்டும் என்று ஒரு பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்துடன் கருதினால்:

• எத்தனை வாரம் என்ற கணக்கு பார்க்கத் தேவையில்லை.

• இரண்டாவது டாக்டரின் கருத்து தேவையில்லை.

• எம்.டி.பி. அனுமதி பெற்ற மருத்துவமனையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

• டாக்டருக்கு மகப்பேறு மருத்துவத்தில் தனிப் பயிற்சி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

• மருத்துவக் குழு, கோர்ட், போலீஸ் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நல்லெண்ணத்துடன் செய்த சிகிச்சைக்காக டாக்டர் மீது வழக்குப் போட முடியாது என்று பிரிவு 8 பாதுகாப்பும் கொடுக்கிறது. ஆக, “ஹார்ட் பீட் இருக்குது, அதனால கை வைக்க முடியாது” என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. கருவின் இதயத்துடிப்பு என்ற சொல்லே நம் எம்.டி.பி. சட்டத்தில் ஒரு நிபந்தனையாக இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடிப்பது, துடிப்பு நின்றுபோன கருவை அகற்றுவது, பாதி கலைந்து ரத்தம் நிற்காமல் போவது, இவையெல்லாம் மருத்துவ நடைமுறையில் நேரடி அவசர சிகிச்சை. ‘அனுமதி’ பற்றிய விவாதமே எழக் கூடாத இடங்கள். அதேபோல ஏழாம், எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் எகிறி ஃபிட்ஸ் வந்தால் டாக்டர்கள் செய்வது முன்கூட்டிய பிரசவம். தாயையும் குழந்தையையும் சேர்த்தே காப்பாற்றப் பார்ப்பார்கள்.

அப்போ கணவர் கையெழுத்து?

தேவையில்லை. சட்டத்தில் எங்கேயும் இல்லை.

பிரிவு 3(4) சொல்வது ஒன்றுதான்: பெண்ணின் சம்மதம். 18 வயதுக்குக் கீழ் என்றால், அல்லது மனநல பாதிப்பு இருந்தால், பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம். கணவர், மாமியார், அப்பா, யாரும் அந்தப் படிவத்தில் இல்லை.

பின்னே இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த மருத்துவ நெறிமுறை விதிகளில், மலட்டுத்தன்மை ஏற்படுத்தக்கூடிய அறுவை சிகிச்சைக்குக் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அது குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் மாதிரியானவற்றுக்கு. அதைக் கொண்டுவந்து டி.என்.சி.க்கும் ஒட்டிவிட்டார்கள். “நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா?” என்ற பயம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

பெண் மயக்கத்தில் இருந்தால்? அதற்கும் வழி உண்டு. சம்மதம் சொல்லும் நிலையில் ஒருவர் இல்லை, அவர் சார்பில் சொல்லவும் உடனே யாரும் இல்லை என்றால், அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 30 சொல்கிறது. இந்தப் பொது விதி பழைய சட்டத்தில் பிரிவு 92 ஆக இருந்தது.

மத்திய சட்டமா, மாநில சட்டமா: எது ஜெயிக்கும்?

நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி, பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில். ஆனால் குற்றவியல் சட்டமும் மருத்துவத் தொழிலும் பொதுப் பட்டியலில். பொதுப் பட்டியலில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால், சட்டக்கூறு 254-ன்படி மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

அதனால்தான் கருக்கலைப்பு விதிகள் நாகர்கோவிலுக்கும் நாக்பூருக்கும் ஒன்றுதான். தமிழ்நாடு தடை செய்தது, கேரளா அனுமதித்தது என்ற நிலை இங்கே வராது. ஆனால் அந்தச் சட்டத்தை ஓட்டுவது மாநில அரசு. எந்தத் தனியார் மருத்துவமனைக்கு அனுமதி, மருத்துவக் குழுவில் யார், அந்தக் குழு எங்கே உட்காரும், எல்லாம் சென்னையிலும் மாவட்ட அளவிலும் முடிவாகிறது. சட்டம் டெல்லியுடையது, டாக்டரும் கட்டிலும் ஆம்புலன்ஸும் மாநிலத்துடையது.

அவசர சிகிச்சையில்தான் ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. மத்திய அரசின் 2010-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம், எமர்ஜென்சியில் வரும் நோயாளியை நிலைப்படுத்தத் தேவையான சிகிச்சையைத் தர வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்குத்தான் பொருந்தும். தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 1997-ல் இயற்றி 2018-ல் திருத்திய தன் சொந்தச் சட்டத்தில்தான் மருத்துவமனைகளைப் பதிவு செய்கிறது.

அப்படியென்றால் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை எமர்ஜென்சி நோயாளியைத் திருப்பி அனுப்பலாமா? கூடாது. காரணம், உச்ச நீதிமன்றம்.

1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவர் கார் மோதிக் கிடக்கிறார். பக்கத்து மருத்துவமனை, ‘இது போலீஸ் கேஸ், எங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்புகிறது. வழியிலேயே உயிர் போகிறது. இந்தச் சம்பவம் பற்றிய செய்தியை வைத்து வந்த வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, எந்தச் சட்டமும் நடைமுறையும் அதைத் தள்ளிப்போட முடியாது. 1996-ல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது வாழும் உரிமையான சட்டக்கூறு 21-ஐ மீறுவதாகும் என்றும் சொன்னது.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அங்கே நிலைமை நேர்மாறு. 2022 ஜூன் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கியது. முடிவு மாநிலங்கள் கைக்குப் போனது. டெக்சாஸ், ஐடஹோ போன்ற மாநிலங்களில் கிட்டத்தட்ட முழுத் தடை.

ஆனால் 1986 முதல் அங்கே ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்கும் மருத்துவமனைகளின் எமர்ஜென்சி பிரிவுக்கு வருபவர்களை, காசு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் நிலைப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கேள்வி இங்கேதான்: கருவை அகற்றினால்தான் பெண்ணின் உடல்நலத்தைக் காப்பாற்ற முடியும், ஆனால் இந்த நிமிஷமே உயிர் போய்விடாது என்ற நிலையில், டாக்டர் மத்தியச் சட்டத்தைக் கேட்பாரா, சிறைத் தண்டனை சொல்லும் மாநிலச் சட்டத்தைக் கேட்பாரா?

ஐடஹோ வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 ஜூன் 27 அன்று, அடிப்படைக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நடுவே அந்த மாநிலத்தில் இருந்து கர்ப்பிணிகளைப் பக்கத்து மாநிலங்களுக்கு விமானத்தில் அனுப்ப வேண்டிய நிலையும் வந்தது. 2025-ல் டிரம்ப் அரசு இந்த வழக்கைக் கைவிட்டது; அவசர கருக்கலைப்பும் அந்த 1986 சட்டத்தில் அடங்கும் என்று பைடன் அரசு கொடுத்திருந்த வழிகாட்டுதலையும் திரும்பப் பெற்றது. டல்லாஸிலும் ஆஸ்டினிலும் இருக்கும் நம்ம ஊர் ஐ.டி. குடும்பங்களுக்கு இது வெறும் செய்தி இல்லை.

இதற்கெல்லாம் முன்பே உலகத்தை உலுக்கியது ஒரு இந்தியப் பெண்ணின் மரணம். கர்நாடகாவின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனாவர், வயது 31. அயர்லாந்தின் கால்வே நகரில் 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில் கருச்சிதைவு தொடங்கி மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருந்ததால் கலைக்க மறுத்தார்கள். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, அக்டோபர் 28 அன்று இறந்தார். 2018 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

அயர்லாந்து டாக்டர்கள் சவிதாவிடம் சொன்ன காரணமும், அன்றைக்கு ராத்திரி எங்கள் அக்காவிடம் சொன்ன காரணமும் ஒன்றே. வித்தியாசம், அங்கே சட்டம் தடுத்தது. இங்கே சட்டம் அனுமதித்தும் பயம் தடுத்தது.

நம்ம ஊர் மோதல்: போக்சோ எதிர் எம்.டி.பி.

இந்தியாவில் உண்மையான சட்ட மோதல் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் இல்லை. இரண்டு மத்தியச் சட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

எம்.டி.பி. சட்டத்தின் பிரிவு 5ஏ, சிகிச்சை பெற்ற பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் ஓராண்டுவரை சிறை என்கிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் பிரிவு 19, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம்வரை சிறை. 18 வயதுக்குக் கீழ் ‘சம்மதம்’ என்ற பேச்சே போக்சோவில் கிடையாது. கல்யாணம் ஆகியிருந்தாலும் அப்படித்தான்.

கொங்கு மண்டலத்தில் இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகள், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஹாஸ்டல்கள் என்று இளம் பெண்கள் வீட்டை விட்டு வந்து வேலை பார்க்கும் ஊர்கள் இவை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு. ஜி.ஹெச். போனால் போலீஸ் வரும், ஊருக்குத் தெரியும், பையன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயம். கடைசியில் யாரோ கொடுத்த மாத்திரை, எங்கேயோ ஒரு அறை. அப்புறம்தான் எமர்ஜென்சி.

இதற்கு நீதிமன்றங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. 2022 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் டாக்டர் அவருடைய பெயரையோ அடையாளத்தையோ சொல்லத் தேவையில்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு, இதைத் தமிழ்நாட்டில் பின்பற்றியாக வேண்டும் என்று வலியுறுத்தியது.

இதே ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜனவரியில் ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு போக்சோ வழக்கை ரத்து செய்தார். பதின்ம வயதுக் காதலில் சிக்கிய பையன்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் சட்டத்தின் வரிகள் இன்னும் மாறவில்லை. தகவல் சொல்லும் கடமை அப்படியே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தகவல் சொல்வது வேறு, சிகிச்சையை நிறுத்தி வைப்பது வேறு. “முதல்ல எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க” என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. போக்சோ விதிகள் 2020 அப்படிக் கேட்பதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனடியாக, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 397 சொல்கிறது. மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை.

பயத்துக்கு இன்னொரு வேர்: ஸ்கேன் சென்டர்

சேலம், தருமபுரி பக்கம் பெண் சிசுக்கொலையின் வரலாறு நமக்குத் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. அதற்கடுத்து, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்யும் 1994-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. அவசியமான சட்டம், சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் இன்றைக்கும் பிடிபடுகின்றன.

ஆனால் அந்தச் சட்டம் தடை செய்வது பாலினம் பார்ப்பதை. கருக்கலைப்பை அல்ல. களத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ரெய்டு பயத்தில் தமிழ்நாட்டின் பெரும்பாலான மருந்துக் கடைகள், டாக்டர் சீட்டு இருந்தாலும் கருக்கலைப்பு மாத்திரையை வைத்திருப்பதில்லை. சட்டப்படி ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையிலேயே முடிய வேண்டிய விஷயம் தள்ளிப்போகிறது. வாரம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

பிரிவு 5 எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா?

இல்லை. அந்தக் கதவின் அகலம் குறைவு.

பிரிவு 5-ல் இருக்கும் சொல் ‘உயிர்’. ‘உடல்நலம்’ அல்ல. 24 வாரம் தாண்டி, கருவில் குறையில்லை, தாயின் உயிருக்கு இந்த நொடியில் ஆபத்தில்லை, ஆனால் உடலோ மனமோ கடுமையாகப் பாதிக்கப்படும் என்றால்? சட்டத்தில் வழியில்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

2023 அக்டோபரில் இதுதான் நடந்தது. இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர், 26 வாரத்தில் உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 9 அன்று அனுமதி கிடைத்தது. 11 அன்று அதே இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. அவர்கள் சொன்ன காரணம்: தாயின் உயிரைக் காக்க இது ‘உடனடியாகத் தேவை’ என்று சொல்ல முடியாது, எனவே பிரிவு 5 பொருந்தாது.

இங்கேதான் டாக்டர்களின் தயக்கத்துக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எவ்வளவு ஆபத்து ஆனால் ‘உடனடி’? காய்ச்சல் 100 டிகிரியிலா, 103-லா? சட்டம் அளவுகோல் தரவில்லை. டாக்டரின் நல்லெண்ணக் கருத்தை நம்புகிறது. அந்த நம்பிக்கை டாக்டருக்கே தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். குற்ற வழக்கு பயம் டாக்டர்களைத் தயங்க வைக்கிறது என்பதை உச்ச நீதிமன்றமே 2024-ல் ஒரு 14 வயதுச் சிறுமியின் வழக்கில் குறிப்பிட்டது.

உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ நடந்தால்: இதை சேவ் பண்ணி வையுங்கள்

• ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, தாங்க முடியாத வயிற்று வலியோடு மயக்கம், காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள கசிவு, பார்வை மங்கும் தலைவலி, ஃபிட்ஸ், நேரத்துக்கு முன்பே பனிக்குடம் உடைவது: காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

• கையெழுத்து கேட்டால், “பெண்ணின் சம்மதம் போதும், எம்.டி.பி. சட்டம் பிரிவு 3(4)” என்று சொல்லுங்கள். வாரக் கணக்கு சொன்னால், “உயிருக்கு ஆபத்து என்றால் பிரிவு 5” என்று கேளுங்கள். சண்டை வேண்டாம். டியூட்டி டாக்டரிடம் நேராக, நிதானமாக.

• அனுப்பியே தீருவோம் என்றால், முதலில் நிலைப்படுத்தச் சொல்லுங்கள். ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். அதில் நேரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து, அனுப்பும் காரணம் எல்லாம் இருக்க வேண்டும். எழுதிக் கேட்டாலே பல நேரம் மனசு மாறும்.

• வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டு ரத்தம் நிற்கவில்லை என்றால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்பது சிகிச்சைக்குத் தேவை.

• 18 வயதுக்குக் கீழ் என்றால், அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று பாதுகாவலரும் பெண்ணும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

• உதவி எண்கள்: மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100.

அந்த ராத்திரி ஜி.ஹெச். வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. அக்காவின் கணவர் விடியற்காலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார். முதல் வேலையாக, “எங்கீங்க கையெழுத்து போடோணும்?” என்று நர்ஸிடம் கேட்டார்.

“அதெல்லாம் அவங்களே போட்டுட்டாங்க. நீங்க போய் அவங்களுக்குக் குடிக்க ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க” என்றார் அந்த நர்ஸ்.